டெட் டைம், பைல்-அப்: இரண்டுக்கும் தமிழ்ச் சொல்

அல்சூர், பெங்களூரு

அன்பர்களே, வணக்கம்.

மாணவர் கையேட்டில் காமாக் கதிர் வெடிப்பு, அதாவது விண்ணில் திடீரெனத் தோன்றி மறையும் காமாக் கதிர் வீச்சு, பற்றிய பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'டெட் டைம்' மட்டும் இடிக்கிறது. 'இறந்த நேரம்' என்று எழுதினால் மாணவர்கள் சிரிப்பார்கள். 'செயலற்ற நேரம்' தேவலை, ஆனாலும் நிறைவில்லை.

பொருள் இதுதான்: ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்று உணரியின் படிகத்தில் பட்டதும் மின்துடிப்பு எழுகிறது. அதன் உயரத்தை அளந்து எண்ணாக்கி முடிக்கும்வரை அடுத்த ஃபோட்டானை மின்சுற்று கண்டுகொள்வதில்லை. ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியில் நிகழ்வு ஒன்றுக்கு 2.6 மைக்ரோநொடி. 'அடைநேரம்' எப்படி? நடை சாத்தியபின் கோயிலுக்கு வந்தவர் தரிசனக் கணக்கில் சேரமாட்டார் அல்லவா.

செம்பூர், மும்பை

ஐயா, வணக்கம். 'செயலற்ற நேரம்' கூடவே கூடாது. மின்னூட்டத் துகள்கள் மிகுந்த தென் அட்லாண்டிக் பிறழ்வுப் பகுதியை ஃபெர்மி கடக்கும்போது அந்தக் கருவியின் உணரிகளுக்கு உயர் மின்னழுத்தம் நிறுத்தப்படும். அச்சொல் அதற்குத்தான் பொருந்தும். அது நிமிடக் கணக்கில் நீளும். நாம் பேசுவது மைக்ரோநொடி.

'அடைநேரம்' நன்றாக இருக்கிறது, ஆனால் நோய் அரும்பும் 'அடைகாலம்' மருத்துவத்தில் ஏற்கெனவே உண்டு. 'ஏலாநேரம்' எனலாமே. ஏல் என்றால் ஏற்றுக்கொள். ஏலா நேரம், ஏற்காத நேரம். 'ஏலாநேரத் திருத்தம்', 'ஏலாநேரப் பங்கு' என்று நீட்டவும் வசதி.

கணக்கோடு பொருத்திப் பார்ப்போம். ஓர் உணரி நொடிக்கு 1,00,000 நிகழ்வுகளைப் பதிந்தால், 2.6 மைக்ரோநொடி வீதம் 0.26 நொடி ஏலாநேரம். மிச்சம் 0.74 நொடிதான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே உண்மை வீதம் 1,00,000 ÷ 0.74, அதாவது சுமார் 1,35,000. ஆற்றல் வீச்சின் மேல் எல்லையைத் தாண்டும் நிகழ்வுக்கு 10 மைக்ரோநொடி பிடிக்கும். அவற்றைத் தனியே எண்ணிக் கூட்ட வேண்டும்.

இந்தத் திருத்தத்தை ஒரு நொடிச் சராசரிக்குப் போடக் கூடாது. வெடிப்பின் ஒளி மில்லிநொடிகளில் ஏறி இறங்கும். சராசரிக்குப் போட்டால் உச்சியில் இழந்தது முழுதாகத் திரும்பாது. உச்சி மழுங்கினால் மொத்த எண்ணிக்கையின் 5 முதல் 95 விழுக்காடு வரை சேர்ந்த நேரம், அதாவது டி90, நீளமாகத் தெரியும். 2 நொடி எல்லையை ஒட்டிய வெடிப்பு குறுகியதா நெடியதா என்பதே அதில் புரண்டுவிடலாம்.

தில்லி

'ஏலாநேரம்' எனக்குச் சம்மதம். தெற்கத்திப் பேச்சில் 'ஏலாது' இன்னும் உயிரோடு இருக்கிறது, புரியாமல் போகாது.

ஆனால் 'பைல்-அப்' தனிச் சொல் கேட்கிறது. 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானும் 70 உடையதும் மிக நெருங்கி வந்தால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, 130 வரை ஆற்றலுடைய ஒரே நிகழ்வாகப் பதியலாம். எண்ணிக்கையும் குறைகிறது, நிறமாலையும் உயர் ஆற்றல் பக்கம் சாய்கிறது. ஏலாநேரத்தில் எண்ணிக்கை மட்டுந்தான் போகும், வாய்பாடு அதை மீட்டுத் தரும். இங்கே அந்த வாய்பாடு பலிக்காது. 'இணைவு' அணுக்கருவுக்குப் போய்விட்டது. 'குவியல்' எதையும் சொல்லவில்லை. 'ஒட்டுத்துடிப்பு' என்பேன்.

2022 அக்டோபர் 9 வெடிப்பைக் கையேட்டில் சேருங்கள். ஃபெர்மி கருவியில் அதன் உச்சக் கட்டத்தில் ஒட்டுத்துடிப்பும் இருந்தது, தரவுத் தடம் நிரம்பி நிகழ்வுகளும் தொலைந்தன. பின்னதை ஏலாநேரத்தோடு சேர்க்காதீர்கள். அது படிகத்திலோ அளவிடும் சுற்றிலோ நேர்வதன்று, அனுப்பும் வழியில் நேர்வது. 'தரவு வழிவு' போதும்.

அல்சூர், பெங்களூரு

மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். 'வழிவு' மட்டும் சற்றுக் கரடுமுரடு. யாரும் மேலானது தரும்வரை இருக்கட்டும். முதலிரண்டின் பதிவு இப்படிப் போகிறது:

ஏலாநேரம்: ஒரு நிகழ்வை அளந்து முடிக்கும்வரை உணரியின் மின்சுற்று அடுத்ததை ஏற்காத நேரம். திருத்தலாம்.

ஒட்டுத்துடிப்பு: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துடிப்புகள் ஒட்டி ஒன்றாக அளக்கப்படுவது. ஒட்டுத்துடிப்பு மிகுந்த நேரப் பகுதியை வழக்கமான நிறமாலைப் பொருத்தத்தில் சேர்க்கக் கூடாது.