ஃபிளட்டருக்கு 'விதிர்ப்பு': ஒரு பரிந்துரை

வணக்கம்.

ரிமோட்டில் ஓட்டும் சிறு விமானங்களுக்கான ரேடியோ விமானச் சொற்பட்டியலில் ஃபிளட்டருக்கு, அதாவது பறக்கும்போது இறக்கையோ அதன் அசையும் பலகைகளோ காற்றால் நடுங்கத் தொடங்கி அது வளர்ந்துகொண்டே போகும் கோளாறுக்கு, நேராகப் 'படபடப்பு' என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'படபடப்பால் விமானம் விழுந்தது' என்று எழுதினால் படபடத்தது ஏலரானா (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை), ரிமோட்டைப் பிடித்திருந்தவரா? ஒன்று விமானத்தின் கோளாறு, மற்றது ஓட்டியவரின் பதற்றம். விபத்தைப் பற்றி எழுதும்போது இரண்டும் கலந்துவிடக் கூடாது.

பால்சாக் கட்டையில் நானே கட்டிய விமானம் ஒன்றை ஃபிளட்டரால்தான் இழந்தேன். உயரத்திலிருந்து வேகமாக இறக்கும்போது 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம், ஓரிரு நொடிதான். ஒரு பக்க ஏலரான் பிய்ந்து தொங்க, விமானம் உருண்டுகொண்டே தரையில் மோதியது. சிக்னல் போய்விட்டது என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஏலரானை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவைப் பிரித்தால் நைலான் பற்சக்கரத்தில் பாதிப் பற்கள் இல்லை. அந்தச் சத்தம் இன்னதென்று தெரிந்திருந்தால் உடனே த்ராட்டிலை, அதாவது எஞ்சின் வேகத்தை, குறைத்து, மெதுவாகத் தரையிறக்கியிருப்பேன்.

சரி, சொல் எதைக் காட்ட வேண்டும்? ஏலரானோ, வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டரோ லேசாக அசைகிறது. அந்த அசைவு காற்றோட்டத்தை மாற்றுகிறது. மாறிய காற்று அசைவை இன்னும் தள்ளிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகம் வரை இது தானே அடங்கிவிடும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொண்டு வளரும். அதனால் 'அதிர்வு' போதாது. எஞ்சின் சமநிலை தவறினாலும் அதிர்வுதான். 'ஒத்ததிர்வு' என்ற யோசனையும் வந்தது, ஆனால் அது தவறான பொருளைத் தரும். ஒத்ததிர்வுக்கு வெளியிலிருந்து ஒரு விசை தாளம் தப்பாமல் தள்ள வேண்டும். 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் டகோமா நேரோஸ் பாலம் மணிக்குச் சுமார் 64 கி.மீ. காற்றில் முறுக்கி ஆடி விழுந்ததைப் பல பாடநூல்கள் ஒத்ததிர்வு என்றே சொல்லிக் கொடுத்தன. அங்கும் ஆட்டம் தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் நடந்தது. நாமும் அந்தக் குழப்பத்தைத் தமிழில் விதைக்க வேண்டாம்.

'நுடக்கம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். கொடி நுடங்குவது என்பது பழைய வழக்கு, வளைவும் அசைவும் சேர்ந்த பொருள். ஆனால் கேட்பவர் காதில் 'முடக்கம்' என்றுதான் விழும். களத்தில் கத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அது பெரிய குறை.

என் பரிந்துரை 'விதிர்ப்பு'. விதிர்த்தல் என்றால் நடுங்குதல். 'விதிர்விதிர்த்துப் போனேன்' என்று இன்றும் சொல்கிறோம், எனவே அந்நியமாக இருக்காது. அச்சப் பொருளும் அதில் உண்டுதான். ஆனால் 'விதிர்ப்பு' என்று தனியாக யாரும் பேச்சில் சொல்வதில்லை, அதனால் படபடப்பு போலக் குழம்பாது. வினையாகவும் வளைகிறது: 'ஏலரான் விதிர்க்கிறது, த்ராட்டிலைக் குறை!' அப்புறம், தொடங்கும் வேகத்துக்கு 'விதிர்ப்பு வேகம்', கீலுக்கு முன்னால் வைக்கும் ஈயத்துக்கு 'விதிர்ப்புத் தடை எடை' என்று கிளைச்சொற்களும் வரும்.

சர்வோவிலிருந்து ஏலரானுக்கு அசைவைக் கொண்டுபோகும் கிளெவிஸ், ஹார்ன், புஷ்ராட் இணைப்புகளில் இருக்கும் தளர்ச்சியான 'பிளே'க்குப் புதுச் சொல் தேவையில்லை. 'கீலில் ஆட்டம் இருக்கிறது' என்று தச்சர்கள் சொல்கிறார்களே, அந்த 'ஆட்டம்' போதும். விதிர்ப்புக்கு முதல் காரணங்களில் ஒன்று அந்த ஆட்டம்தான் என்பதால், கையேட்டில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்தால் நல்லது.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. இறக்கையே முறுக்கி ஆடுவதையும் ஏலரான் மட்டும் ஆடுவதையும் பிரித்துச் சொல்ல 'இறக்கை விதிர்ப்பு', 'மடல் விதிர்ப்பு' என்று வைக்கலாமா? 'மடல்' என்பது, தரையிறங்க உதவும் இன்னொரு இறக்கைப் பலகையான ஃபிளாப்புக்கும் போய்விடுமோ என்று தயங்குகிறேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.