ரியாக்‌ஷன் வீலுக்கு அடியில் ரப்பர் வைத்தோம், படம் வேறு வேகத்தில் கலங்குகிறது. உதவி தேவை

வேளச்சேரி_சுழலி:
வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக மேசை மேல் ஒரு சின்ன செயற்கைக்கோள் மாதிரி செய்கிறோம். ஒரே தட்டில் ரியாக்‌ஷன் வீலும் (வேகத்தை மாற்றிச் செயற்கைக்கோளைத் திருப்பும் சுழல் சக்கரம்) ஜூம் லென்ஸ் கேமராவும் இருக்கின்றன. எதிர்ச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டிப் படம் எடுக்கிறோம்.

வீல் நின்றிருந்தால் படம் தெளிவு. நிமிடத்துக்கு 4800 சுற்றில் கலங்கியது. பாரிமுனையில் ரப்பர் பட்டை வாங்கி, வீலுக்கு அடியில் நாலு துண்டு வைத்தோம். இப்போது 4800-இல் பரவாயில்லை. ஆனால் இதுவரை தொல்லையே தராத 2400-இல் கோடெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது! போதாததற்கு, வீலை நிறுத்தினாலும் அதிர்வு சென்சாரில் 6 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 6 அதிர்வு) ஒரு முகடு. இன்னும் கெட்டியான ரப்பர் வாங்கலாமா?

பெரம்பூர்_ரிட்டயர்டு:
அவசரப்படாதீர்கள் தம்பி. வீலை மேலே வைத்ததும் ரப்பர் எவ்வளவு அமுங்கியது?

வேளச்சேரி_சுழலி:
வெர்னியரில் சுமார் 0.2 மி.மீ. சார்.

பெரம்பூர்_ரிட்டயர்டு:
அதுதான் விஷயம். 1 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். 0.2 என்றால் 35. அதிரும்போது ரப்பர் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும், ஆகவே 40 பக்கம் வரும். உங்கள் 2400 சுற்று என்பதும் நொடிக்கு 40 தானே? ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற கதை.

எந்த ரப்பரானாலும் இயல்பு அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல்தான் தடுக்கும், அதற்குக் கீழே பெரிதாக்கவே செய்யும். கெட்டியான ரப்பர் வேண்டாம், மெத்தென்று 1 மி.மீ. அமுங்குகிற சிலிக்கோன் ரப்பர் பாருங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்றுக்கு மேல் பலன் தெரியும்.

அப்புறம் அந்த 6 ஹெர்ட்ஸ். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறதா?

வேளச்சேரி_சுழலி:
ஓடுகிறது சார், மே மாதமாச்சே.

பெரம்பூர்_ரிட்டயர்டு:
சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் கிட்டத்தட்ட 6 ஹெர்ட்ஸ். அளக்கிற பத்து நிமிடம் வியர்க்கட்டும். வீல் வேகத்தை மாற்றும்போது கூடவே நகர்கிற முகடு வீலுடையது. நகராமல் நிற்பது கட்டமைப்பினுடையது, இல்லை வெளியாள்.

நிஜ விண்கலத்திலும் இதே தலைவலிதான். 1990-இல் போன ஹப்பிள் தொலைநோக்கி, பகலுக்கும் இரவுக்கும் இடையே கடக்கும்போதெல்லாம் நடுங்கியது. வெப்பம் மாறியதில் சூரியத் தகடுகள் வளைந்ததுதான் காரணம். 1993-இல் தகடுகளையே மாற்றினார்கள். 500 கி.மீ. உயரத்தில் கேமரா ஒரு ஆர்க்விநாடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) ஆடினால் தரையில் சுமார் 2.4 மீட்டர் தள்ளிப் பார்க்கும். அங்கே அசட்டையாக இருக்க முடியாது.

அம்பத்தூர்_பேலன்சிங்:
எல்லாரும் ரப்பரையே பேசுகிறீர்கள். வீலைப் பேலன்ஸ் செய்தீர்களா ப்ரோ? நான் ப்ளோயர் பேலன்சிங் வேலை பார்ப்பவன். லேத்திலிருந்து வந்த வீலை அப்படியே மாட்டினால் இப்படித்தான். ஒரு கிராம் எடை மையத்தைவிட்டு 1 மி.மீ. தள்ளி இருந்தாலே 3000 சுற்றில் 0.1 நியூட்டன் விசை. 6000-இல் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு.

துளி சால்டர் கம்பியை செல்லோடேப்பால் விளிம்பில் ஒட்டுங்கள். நாலு இடத்தில் மாற்றி மாற்றி ஒட்டி, எங்கே முகடு குறைகிறது என்று பாருங்கள். அப்புறம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் துளையிட்டு எடையைக் குறையுங்கள். சோதிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கம்பி பறந்தால் தெரியும் சேதி.

வேளச்சேரி_சுழலி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். ஃபேனை நிறுத்தியதும் 6 ஹெர்ட்ஸ் காணோம், சட்டைதான் நனைந்தது. கம்பி வைத்தியத்தில் 40 ஹெர்ட்ஸ் முகடு பாதிக்கும் கீழே போனது. சிலிக்கோன் இனிமேல்தான் வாங்க வேண்டும். ஒரு சந்தேகம்: இவ்வளவு மெத்தென்று வைத்தால் ராக்கெட் குலுக்கலை எப்படித் தாங்கும்?

பெரம்பூர்_ரிட்டயர்டு:
தாங்காது. மேலே போகிறவரை பூட்டிவைத்து, சுற்றுப்பாதையில்தான் விடுவிப்பார்கள். அல்லது குலுக்கலின்போது அளவு மீறி ஆடாமல் இருக்க முட்டுத் தடுப்பு வைப்பார்கள். உங்கள் மேசைக்கு இரண்டும் வேண்டாம். சிலிக்கோன் வாங்கியதும் முதலில் அமுக்கத்தை அளந்து சொல்லுங்கள்.