பூனையைக் கபினுக்குள் கொண்டுபோவது சரியா? ரொறன்ரோ – வன்கூவர் பயணம்

மார்க்கம்வாசி:
வேலை மாற்றத்தால் நானும் மனைவியும் பெப்ரவரியில் ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குக் குடிபோகிறோம். வீட்டில் மிளகு என்று ஒரு ஏழு வயதுப் பூனை இருக்கிறது. அதை ஒரு மென்பையில் வைத்து, கபினுக்குள் முன்னிருக்கைக்குக் கீழே வைத்துக் கொண்டுபோவதாக முடிவெடுத்திருக்கிறோம். பூனையும் பையும் சேர்ந்து 10 கிலோவுக்குள் இருந்தால் எயார் கனடாவில் ஏற்றுகிறார்கள். மிளகு 5 கிலோதான்.

இதைச் சொன்ன நாளிலிருந்து சொந்தக்காரர்களுக்குள் ஒரே சண்டை. மச்சான் "சாமான்களோடு கீழே போடு, சனம் இருக்கிற இடத்தில் மிருகம் எதற்கு" என்கிறார். மாமி யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார். காரில் கொண்டுபோகலாம் என்று இன்னொருவர். அது 4,400 கிலோமீற்றர், அதுவும் பெப்ரவரிப் பனியில் சுப்பீரியர் ஏரியின் வடகரையைச் சுற்றி. விமானத்தில் ஐந்து மணிநேரம்.

கபின்தான் பூனைக்குப் பாதுகாப்பான இடம். சட்டம் இடம் தருகிறது, கட்டணமும் கட்டுகிறேன். அப்படியிருக்க மற்றவர்கள் முகம் சுளிப்பதில் என்ன நியாயம்? எதிர்க்கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

செவ்வந்தி:
அண்ணை, நான் எதிர்க்கருத்து உள்ளவள்தான். எனக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது, அதைக் கிளப்பிவிடுவது பூனை. கட்டணம் கட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது.

பூனை முடிதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வாமையைத் தருவது ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அது இருக்கிறது. பூனை உடம்பை நக்க, முடியில் ஒட்டி, காய்ந்து மிக நுண்ணிய தூசியாக மிதக்கிறது. அந்தத் தூசி எளிதில் தரையில் படியாது. அதனால் பூனை பையை விட்டு வெளியே வரவில்லை என்பது எனக்கு ஆறுதல் இல்லை, பையின் வலைத்துணி வழியே அது வந்துகொண்டேதான் இருக்கும்.

எயார் கனடா சில காலம் கபினில் மிருகங்களை நிறுத்திவைத்திருந்து, 2009 ஜூலையில் திரும்ப அனுமதித்தது. அடுத்த வருடமே கனடா மருத்துவச் சங்கத்தின் இதழ் அதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. வீட்டுப் பிராணிகளைக் கபினில் ஏற்றவே கூடாது என்பது அவர்களின் நிலைப்பாடு. மருத்துவர்கள் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். நடுவானில் மூச்சு முட்டினால் இறங்கிப் போக முடியாது.

பூவரசு:
தங்கச்சி சொல்வது சரி. ஒவ்வாமை இல்லாத எனக்கும் இது பிடிக்காது. ஒரு முறை எனக்குப் பக்கத்தில் ஒரு பூனை வன்கூவர் வரை கத்திக்கொண்டே வந்தது. இருக்கைக்குக் காசு கட்டியவனுக்கு அமைதி வேண்டாமா?

மார்க்கம்வாசி:
பூவரசு அண்ணை, கைக்குழந்தை அழுதாலும் இதையே சொல்வீர்களா? சத்தம் ஒரு காரணமே இல்லை. செவ்வந்தி சொல்வதுதான் கனமான காரணம், அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலாவது, பெரிய ஜெட் விமானங்களில் சுற்றி வரும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியே போகிறது. 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கக்கூடிய வடிகட்டி அது. கபின் காற்று ஒரு மணிநேரத்தில் 20 தடவைக்கு மேல் மாறுகிறது. உங்கள் அலுவலகத்தில்கூட அவ்வளவு சுத்தமான காற்று இராது.

இரண்டாவது, பூனை வளர்ப்பவர்களின் உடுப்பிலேயே அந்தப் புரதம் ஒட்டிக்கொண்டு போகிறது. பூனையே நுழையாத பள்ளிக்கூட வகுப்பறைத் தூசியில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாளைக்கே கபினில் பூனையைத் தடை செய்தாலும், நானும் மனைவியும் எங்கள் சுவெட்டர்களோடு வந்து உங்கள் பக்கத்தில் இருப்போம். அப்போது யாரைத் தடை செய்வீர்கள்?

செவ்வந்தி:
வடிகட்டி பற்றி நீங்கள் எழுதியது உண்மைதான். ஆனால் காற்று வடிகட்டிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் என் மூக்கைக் கடந்துதானே போகிறது? கபினில் காற்று மேலிருந்து இறங்கி, அநேகமாக அந்தந்த வரிசைக்குள்ளேயே கீழ்ப்பக்கமாக வெளியேறுகிறது. பத்து வரிசைக்கு அப்பால் இருப்பவரை அது காப்பாற்றும். உங்களுக்கு அடுத்த இருக்கையில் இருப்பவரை எப்படிக் காப்பாற்றும்? ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் காற்றோட்டம் முழு வேகத்தில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

உடுப்பு வாதத்தைப் பல முறை கேட்டிருக்கிறேன். உங்கள் சுவெட்டரில் இருப்பது மிச்சம். பைக்குள் இருப்பது அந்தப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும் உயிர். இரண்டையும் ஒன்றாக நிறுக்கக் கூடாது.

இது என் சொந்தக் கற்பனையும் இல்லை. பூனை ஒவ்வாமையால் பாதிக்கப்பட்டவர்கள் கொடுத்த முறைப்பாட்டை விசாரித்து, 2012-இல் கனடா போக்குவரத்து முகமை ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒவ்வாமை ஒருவருக்கு இயலாமை என்ற அளவுக்குக் கடுமையாக இருந்து, அவர் 48 மணிநேரத்துக்கு முன்பே அறிவித்தால், ஹெப்பா உள்ள விமானத்தில் அவருக்கும் பூனைக்கும் இடையில் குறைந்தது ஐந்து வரிசை இடைவெளி விட வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும், கழிவறைக்குப் போகும் வழியிலும்கூட. வடிகட்டி மட்டும் போதும் என்றால் ஐந்து வரிசை எதற்கு?

பியர்சன்_இரவுப்பணி:
விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் பகுதியில் வேலை செய்பவன் நான். மச்சான் சொன்ன "கீழே போடு" பற்றிச் சிலது சொல்ல வேண்டும். மிருகங்களை ஏற்றும் கீழறையிலும் கபின் மாதிரியே காற்றழுத்தம் இருக்கும், சூடும் இருக்கும். பறக்கும்போது மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பது சரியான பேச்சு இல்லை. ஆபத்து தரையில்தான். பெப்ரவரியில் ஒரு பெட்டி வண்டியில் ஏறி, விமானத்துக்குப் பக்கத்தில் காத்து நிற்கும். பக்கத்தில் இயந்திரங்கள் இரையும். பனி நீக்கும் வேலையால் தாமதம் வந்தால் காத்திருப்பும் நீளும். கடும் குளிரிலும் கடும் வெயிலிலும் விமான நிறுவனங்களே மிருகங்களை ஏற்க மறுப்பது இதனால்தான்.

பூனைக்கு இன்னொரு அபாயம், தப்பி ஓடுவது. 2011-இல் நியூயோர்க் கென்னடி விமான நிலையத்தில் இப்படிச் சாமானோடு அனுப்பக் கொடுத்த ஒரு பூனை கூண்டிலிருந்து வெளியேறிவிட்டது. இரண்டு மாதம் கழித்து, ஒரு கூரைத் தட்டு உடைந்து கீழே விழுந்தபோதுதான் கிடைத்தது. உடல் அவ்வளவு மோசமாகிவிட்டதால் கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. நாய் கூண்டுக்குள் குரைக்கும். பூனை சத்தம் போடாமல் வழி தேடும். வீட்டுப் பூனையைக் கபினில் கொண்டுபோங்கள் என்றே சொல்வேன்.

செவ்வந்தி அக்காவின் கவலையும் எனக்குப் புரிகிறது. என் மகனுக்கும் தொய்வு உண்டு.

மருதாணி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன், கால்நடை மருத்துவர். இரண்டு பக்கமும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பூனையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கபினில் பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்காகப் பூனை நிம்மதியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இடம் மாறுவதுதான் அதற்குப் பெரிய பயம். சத்தமே போடாமல் உடலைக் குறுக்கிக்கொண்டு கிடக்கும் பூனையைப் பார்த்து "சமத்தா தூங்குது" என்கிறார்கள். பல நேரம் அது பயத்தில் உறைந்துபோய் இருக்கிறது. எச்சில் வடிந்தாலும் அது பயமாக இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசர நிலை.

மார்க்கம்வாசி சார், மயக்க மருந்து கேட்டு மருத்துவரை நச்சரிக்காதீர்கள். அசெப்ரோமசின் போன்றவை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் குறைக்கும். பறக்கும் விலங்குக்கு அதைத் தருவதை மருத்துவர்கள் பொதுவாக விரும்புவதில்லை. பதற்றத்தைத் தணிக்கக் கபாபென்டின் எழுதித் தருவதுண்டு. 2023 நவம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, பயணத்தின்போது பூனைகளுக்கு வரும் பயத்துக்கென்றே பிரிகாபலின் கலந்த வாய்வழி மருந்து ஒன்றை அங்கீகரித்தது. எதுவானாலும் உங்கள் பூனையைப் பார்த்த மருத்துவர் அளவு சொல்ல வேண்டும், பயண நாளுக்கு முன்பே வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மருந்தைவிட முக்கியம் பை. இன்றைக்கே அதை வரவேற்பறையில் திறந்து வையுங்கள். அதற்குள் சாப்பாடு வையுங்கள், நீங்கள் உடுத்திய பழைய துணியைப் போடுங்கள். பயணத்தன்று முதன்முதலாகப் பையைப் பார்க்கும் பூனைக்கு எந்த மருந்தும் முழுசாக உதவாது.

குடிபெயர்வதற்கு ஒரு தடவை விமானம் ஏற்றுவதை நான் ஆதரிக்கிறேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் தூக்கிக்கொண்டு போவதை ஆதரிக்கவில்லை.

நிலாமுற்றம்:
டாக்டர், கடைசி வரி எனக்கு உடன்பாடில்லை. நான் பெங்களூரில் இருக்கிறேன். ஆகாசா ஏர் 2022 நவம்பரில் கபினில் வளர்ப்பு விலங்குகளை ஏற்கத் தொடங்கிய பிறகுதான் பொங்கலுக்கு ஊருக்குப் போகவே முடிகிறது. எங்கள் தெருவில் பூனையைப் பார்த்துக்கொள்ள ஆளே கிடைப்பதில்லை. விடுதியில் விட்டால் சாப்பிடாமல் கிடக்கிறது. எங்களோடு இருந்தால் பயமே இல்லை.

மருதாணி:
உங்களோடு இருந்தால் பயம் குறையலாம், இல்லாமல் போகாது. விடுதியில் சாப்பிடாத பூனைக்கு, தன் வீட்டிலேயே இருந்து, தெரிந்த ஒருவர் தினம் இரண்டு வேளை வந்து போவதுதான் நல்லது. அக்கம்பக்கத்தில் ஒருவரை இப்போதிருந்தே பூனைக்குப் பழக்குங்கள். ஆள் கிடைப்பதில்லை என்பது உங்கள் சிரமம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரமத்தைப் பூனைமீது இறக்கிவைக்கிறோம் என்பதையும் மறுக்க முடியாது. முகம் தட்டையான பெர்சியன் வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும், அவற்றுக்குச் சாதாரணமாகவே மூச்சு சிரமம்.

பூவரசு:
லண்டனில் இருக்கும் என் மகள் கனடாப் பூனையொன்றைக் கூட்டிப்போக வேண்டும் என்கிறாள். அதுவும் கபினில் முடியுமா?

பியர்சன்_இரவுப்பணி:
முடியாது அண்ணை. பிரிட்டனுக்கு விமானத்தில் வரும் வீட்டுப் பிராணிகள் சரக்காகத்தான் இறங்க வேண்டும், உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு. சிலர் பாரிஸ் வரை கபினில் கொண்டுபோய், அங்கிருந்து காரில் போய், காரோடு ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் ஏறிக் கடக்கிறார்கள். மைக்ரோசிப், விசர்நோய்த் தடுப்பூசி, கடதாசிகள் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

மார்க்கம்வாசி அண்ணைக்கு இன்னொன்று. பாதுகாப்புச் சோதனையில் பூனையைப் பையிலிருந்து எடுக்கச் சொல்வார்கள், வெறும் பைதான் எக்ஸ்ரேக்குப் போகும். அந்த இடத்தில்தான் பூனை கையை விட்டுப் பாயும். மார்புப் பட்டி போட்டுக் கயிற்றோடு கொண்டுவாருங்கள். தனி அறையில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் பிழை இல்லை.

அப்புறம், ஏறிய பிறகு யார் சொன்னாலும் பையை மேல்தட்டில் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் ஹியூஸ்டனிலிருந்து நியூயோர்க் போன யுனைட்டட் விமானத்தில், பணியாளர் சொன்னதால் மேல்தட்டில் வைக்கப்பட்ட ஒரு நாய்க்குட்டி இறந்துபோனது. கபின் பாதுகாப்பானது என்றால் அது இருக்கைக்குக் கீழே மட்டும்தான்.

மார்க்கம்வாசி:
நன்றி தம்பி, டாக்டருக்கும் நன்றி. பையை இன்றைக்கே திறந்து வைத்துவிட்டேன்.

செவ்வந்தி, ஐந்து வரிசை விதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அந்த விதியே என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. பூனையும் நோயாளியும் ஒரே விமானத்தில் போகலாம் என்றுதானே முகமை சொன்னது? மருத்துவ இதழ் கேட்ட முழுத் தடையை ஹெப்பா உள்ள விமானங்களுக்கு முகமை ஏற்கவில்லை. நான் கடைசி வரிசையை எடுக்கத் தயார். யாராவது எனக்கு ஒவ்வாமை என்று சொன்னால் எழுந்து இடம் மாறவும் தயார். பூனையை விட்டுவிட்டுப் போ என்பதைத் தவிர எதையும் கேளுங்கள்.

செவ்வந்தி:
உங்களைப் போல எல்லோரும் இருந்தால் எனக்கு இந்தப் பேச்சே தேவையில்லை அண்ணை. ஆனால் உங்கள் நல்ல மனதை நம்பி நான் ரிக்கெற் எடுக்க முடியாது.

48 மணிநேரத்துக்கு முன் அறிவிப்பது, மருத்துவச் சான்று காட்டுவது, நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திருப்பது, இதெல்லாம் நோயாளியின் தலையில் விழுகிறது. ஊரில் சாவு என்று அவசரமாகப் போகிறவள் எப்படி 48 மணிநேரத்துக்கு முன் சொல்வாள்? இயலாமை என்று நிரூபிக்கும் அளவுக்கு இல்லாமல், கண் வீங்கி நெஞ்சு இறுகி ஐந்து மணிநேரம் கஷ்டப்படுகிறவருக்கு இந்த விதி எதையும் தருவதில்லை.

முழுத் தடை கிடைக்காது என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு விமானத்திலும் பிராணிகளுக்கென்று பின்வரிசைகள் இரண்டை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இருக்கை தெரிவுசெய்யும் திரையிலேயே அதைக் காட்டுங்கள். அப்படிச் செய்தால் நான் யாரிடமும் சான்றைத் தூக்கிக்கொண்டு போகாமல் முன்னால் ஓர் இருக்கையை எடுத்துக்கொள்வேன். ஹெப்பா இல்லாத சிறிய விமானங்களில் ஏற்றவே வேண்டாம்.

மார்க்கம்வாசி:
பின்வரிசை ஒதுக்குவதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். சிறிய விமான விடயத்தில் ஒத்துவரமாட்டேன். வடக்கே சிறிய விமானத்தை விட்டால் வேறு போக்குவரத்தே இல்லாத ஊர்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பூனையை மிருக வைத்தியரிடம் எப்படிக் கொண்டுவருவார்கள்?

செவ்வந்தி:
அதே ஊரில் இருக்கும் தொய்வு நோயாளிக்கும் அந்த ஒரே விமானம்தான் அண்ணை. அவர் அறிவித்தால் பூனை அடுத்த விமானத்தில் வரட்டும். அந்த இடத்தில் நான் இறங்கிவரமாட்டேன்.