விதைக்குச் சாம்பல் பானையா, மூடிய பாட்டிலா?

காரிமங்கலம் கொல்லை:
மொச்சை, அவரை, நாட்டுத் தக்காளி விதையை நாலைந்து வருஷம் முளைப்பு குறையாமல் வைக்கணும். சாம்பல் போட்டுப் பானையில் வைப்பதா, ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் அடைப்பதா?

பென்னாகரம் குதிர்:
பானைதாங்க. காய் செடியிலேயே முற்றிக் காய்ந்து சலசலக்கணும், அதற்கு முன் பறிக்கக் கூடாது. அடித்துப் புடைத்து மூணு நாள் வெயில்: காலை 8 முதல் 12, மறுபடி 3 முதல் 5. உச்சி வெயில் ஆகாது. ஒரு ராத்திரி ஆறவிட்டு, சலித்த அடுப்புச் சாம்பலில் விதை மறையும்படி கலந்து, மேலே காய்ந்த நொச்சி இலை போட்டு வேடு கட்டுங்க. சாம்பல் வண்டின் மேல்தோலைச் சிராய்த்து உடம்பு ஈரத்தை வற்றவைக்கும். இண்டு இடுக்கெல்லாம் நிரம்பிவிடுவதால் அது நகரவும் முடியாது. விதைக்கு உயிர் இருக்கு, மூச்சு விடணும். அடைத்தால் புழுங்கிப்போகும்.

ராயக்கோட்டை நாற்றங்கால்:
அண்ணே, புழுங்குவது அடைத்ததால் இல்லை, ஈரத்தோடு அடைத்ததால். சரியாகக் காய்ந்த விதையில் மூச்சு ஏறக்குறைய அடங்கிவிடும். பானைக்குத்தான் ஆபத்து. ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரம் 75 சதத்தைத் தாண்டினால், 9 சத ஈரத்துக்குக் காய்ந்த மொச்சை சில வாரத்தில் 13, 14க்கு ஏறிவிடும். விதைச் சான்றளிப்புத் தரத்தைப் பாருங்க: பயறுக்குத் துணிப்பையில் 9 சதம், காற்றுப் புகாத பையில் 8. தக்காளிக்கு 8, 6. அடைப்பதானால் இன்னும் காயவை என்று அதிலேயே இருக்கு. 5க்கும் 14க்கும் நடுவில் ஈரம் 1 சதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பு என்பது ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளரின் கணக்கு. தோராயம்தான், ஆனால் அதே சரிவில் பானை விதை ஒவ்வொரு மழைக்காலமும் கீழே இறங்குது.

பென்னாகரம் குதிர்:
சாம்பலும் ஈரம் இழுக்கும். உங்க ஜெல்லில் அவரையைப் போட்டால் தோல் கல்லாகி, ஊறவைத்தாலும் தண்ணி ஏறாது. அதைச் சொல்ல மாட்டேங்கறீங்களே?

ராயக்கோட்டை நாற்றங்கால்:
நியாயமான கேள்வி. பயறை 7, 8 சதத்தில் நிறுத்திடணும், அதற்கு இந்த ஊர்ச் சித்திரை வெயிலே பெரும்பாலும் போதும். சுத்தியலால் ஒரு விதையைத் தட்டுங்க. நசுங்கினால் காயலை, தெறித்து உடைந்தால் சரி. அதிகமாகக் காய்ந்த விதையை நேராகத் தண்ணியில் போட்டால் பருப்பு வெடிக்கும். விதைப்பதற்கு முன் ஈரத்துணிப் பக்கத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் மெதுவாக ஈரம் ஏற்றிக்கொள்ளும். ஜெல் தேவைப்படுவது தக்காளி, மிளகாய், கத்தரிக்கு. விதை எடைக்குச் சமமாக ஜெல், தனித் துணிமுடிச்சில், ஒரு வாரம். ஜெல்லின் நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் நீலம் திரும்பும். சூடு 120 டிகிரியைத் தாண்டினால் ஜெல் கெட்டுவிடும். சாம்பலும் ஈரம் இழுக்கும்தான், ஆனால் திறந்த பானையில் அது சீக்கிரம் நிறைந்துபோகும், அப்புறம் பயனில்லை.

தக்காளிக் கூழைத் தண்ணி சேர்க்காமல் ஒரு நாள் புளிக்கவிடுங்க. கோடையில் அதற்கு மேல் விட்டால் விதை ஊறி முளைவிடும். அலசி, மூழ்கினதை மட்டும் எடுத்து கொசுவலையில் பரப்பி நிழலில் காற்றாட விடணும். ஈர விதையை மாடித் தளத்தில் கொட்டினால் செத்துடும். சித்திரையில் சிமெண்டுத் தளம் 50 டிகிரிக்கு மேல் போகுது, ஈரமுள்ள விதை 35க்கு மேல் தாங்காது.

தளி மலையோரம்:
ரெண்டு பேருமே வண்டு எங்கிருந்து வருதுன்னு பார்க்கலை. பயறு வண்டு காய் முற்றும்போதே கொல்லையில் முட்டை ஒட்டிவிடும். புழு விதைக்குள் இருக்கு, வெளியில் இருக்கிற சாம்பல் அதைத் தொடாது. புழு வண்டாகி வெளியே வந்து அடுத்த முட்டை போடாமல்தான் சாம்பல் தடுக்கும். காய்ந்த மொச்சையை இறுக்கி மூடி ஃப்ரீசரில் மைனஸ் 18ல் ஏழு நாள் வைத்தால் முட்டை, புழு எல்லாம் போச்சு. ஈரத்தோடு வைத்தால் விதைக்குள் பனி கட்டி விதையும் போச்சு. வெளியே எடுத்ததும் திறக்காதீங்க, ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. உடனே திறந்தால் குளிர்ந்த விதைமேல் நீர் கோத்துக்கும். அமாவாசையில் காயவைத்தால் வண்டு வராது என்பாங்க, வண்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இன்னொன்று, மாங்கொட்டையை இந்த வழிக்குக் கொண்டுவராதீங்க. அது காய்ந்தாலே செத்தது.

பென்னாகரம் குதிர்:
புழு விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனால் வருஷா வருஷம் விதைத்து எடுக்கிற கொள்ளுக்கும் சாமைக்கும் பாட்டில் எதுக்கு? பானை போதும். ஃப்ரிட்ஜை நம்பினால் மின்வெட்டுக்கும் பயப்படணும்.

ராயக்கோட்டை நாற்றங்கால்:
வருஷம் விதைப்பதற்குப் பானை போதும், அதில் சண்டையில்லை. மழை பொய்த்து ரெண்டு வருஷம் விதைக்காமல் போனால்? அதனால் காரிமங்கலம் நண்பர் மொச்சையில் கால் பங்கை மட்டும் கழுத்து வரை நிரப்பி அடைக்கட்டும், பாதி பாட்டில் காற்று இருக்கக் கூடாது. முதலில் ஒரு சின்ன ஈரமானியை உள்ளே போட்டு ஒரு நாள் மூடுங்க. உள்காற்றின் ஈரம் 40 சதத்துக்கு மேல் காட்டினால் மறுபடி வெயிலுக்கு. வருஷம் ஒருமுறை ஐம்பது விதையை ஈரத்துணியில் சுருட்டி எட்டு நாளில் எண்ணணும். நாற்பதுக்குக் கீழே வந்தால் அந்தப் பாட்டிலை அந்தப் பருவத்திலேயே விதைத்துப் புது விதை எடுத்திடுங்க.

பென்னாகரம் குதிர்:
ஐம்பது அவரை விதையைப் பரிசோதனைக்கே கொடுக்கச் சொல்றீங்க. வீட்டில் இருப்பதே கைப்பிடியானால் பத்து எண்ணுங்க, முளைத்ததைத் துணியிலிருந்து எடுத்து நட்டுடுங்க.