தனி உதவியாளர் பணியும் முதியோர் பராமரிப்பும் ஒன்றா?

கேள்வி:
கழுத்துப் பகுதித் தண்டுவடக் காயத்தால் கைகால் இயக்கத்தை இழந்த ஒருவருக்குத் தனி உதவியாளராக அடுத்த வாரம் சேரவிருக்கிறேன். முதியோர் பராமரிப்பில் இருந்ததால் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் பழக்கமே. இந்தப் பணி எவ்வகையில் வேறுபடுகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முடிவெடுப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை (2006), பிறருக்கு இணையாகச் சமூகத்தில் வாழும் உரிமையைக் கூறும் 19ஆம் பிரிவிலேயே தனி உதவியையும் குறிப்பிடுகிறது. 2017இல் வெளியான அதன் விளக்கவுரை, உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும் வழிநடத்துவதும் உதவி பெறுபவரின் கையில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் முன்அனுபவமே சில வேளைகளில் தடையாகலாம். சட்டையை எந்தக் கையில் முதலில் மாட்டுவது என்பதைக்கூடக் கேட்டே செய்யுங்கள். வெளியிடங்களில் மருத்துவர் முதற்கொண்டு பலரும் அவரை விடுத்து உங்களிடம் பேசுவார்கள் (எரிச்சலூட்டும் வழக்கம் இது). பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்புங்கள்.

மறுமொழி 2:
நான் உதவி பெறுபவன். மேற்கூறியதை ஏற்கிறேன், ஆயினும் ஓர் ஆபத்தை அறிந்திருங்கள். இத்தகைய காயமுள்ளவர்களுக்குச் சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் அடைபட்டாலோ ஆடை இறுகினாலோ இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து, கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, ஆடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபாருங்கள். தணியாவிட்டால் அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். அவருடைய வழக்கமான அறிகுறிகளை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வியர்வையைப் புழுக்கம் என்றே நினைத்திருப்பேன்.