ஹாட் ராட், கஸ்டம் கார்: இரண்டுக்கும் ஒரே சொல்லா?

> கார் கண்காட்சிப் படங்களுக்கு விளக்கம் எழுத வேண்டும். ஹாட் ராட், கஸ்டம் கார் இரண்டையும் 'மாற்றியமைத்த பழஞ்சீருந்து' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. மாற்றியது சரி, எதற்காக மாற்றினார்கள்? அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. படம் எடுப்பவர் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

ஹாட் ராட் வேகத்துக்குப் பிறந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் வறண்ட ஏரிகளில் 1930களிலேயே பையன்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டு உட்படக் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு விரட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காரிலேயே எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினை வைத்தது. குதிரைத்திறன் 65தான், ஆனால் முறுக்கேற்ற இடம் இருந்தது. கஸ்டம் காருக்கோ வேகம் இரண்டாம்பட்சம். 1951 மெர்குரி ஒன்றை பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறை மாற்றியமைத்த 'ஹிரோஹாட்டா மெர்க்'கைப் பாருங்கள்: கூரை இறங்கி, பக்கச் சன்னல்களுக்கு இடையிலான நடுத்தூண் போய், இரண்டு பச்சையில் ஒரே வழுக்கலாக ஓடும் உடல். எஞ்சினைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆகவே ஹாட் ராடுக்கு 'முடுக்குந்து', கஸ்டம் காருக்குப் 'புனையுந்து' என்பது என் பரிந்துரை. 'புனை' என்பதில் செய்வதும் இருக்கிறது, அழகுபடுத்துவதும் இருக்கிறது.

முடுக்குந்தைப் படமெடுக்கும்போது முன்பக்க ஓரத்தில், ஹெட்லைட் உயரத்துக்குக் குனிய வேண்டும். பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சிறிது, மூக்கு தரையை நோக்கிச் சாயும். அந்தச் சாய்வுதான் வண்டியின் குணமே. வைடு லென்ஸோடு நெருங்கினால் முன்சக்கரம் ஊதிப்போய், செய்தவர் பார்த்துப் பார்த்து அமைத்த சாய்வு காணாமல் போகும். நாலு எட்டு பின்னால் போய் 85 மி.மீ. லென்ஸில் எடுங்கள்.

புனையுந்தில் பெயின்ட்தான் எல்லாம். கேண்டி பெயின்ட் என்பது வெள்ளி அல்லது தங்க நிற அடிப்பூச்சு, அதன்மேல் ஒளி ஊடுருவும் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். ஒளி உள்ளே போய்த் திரும்பி வந்தால்தான் அந்த ஆழம் தெரியும். உச்சி வெயிலில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். மேகமூட்டம் நல்லது. லென்ஸின் முன் போலரைசர் வடிகட்டி மாட்டினால் பெயின்டிலும் கண்ணாடியிலும் விழும் பளபளப்பு அடங்கும். ரொம்பத் திருகிவிடாதீர்கள், வளைவைக் காட்டும் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். குரோமிடம் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, உலோகம் ஒளியைத் தெறிக்கவிடும் விதம் வேறு. அங்கே நகர்ந்து நிற்பதுதான் வழி. இல்லையென்றால் உங்கள் பூப்போட்ட சட்டை பம்பரில் பல்லிளிக்கும்.

> புனையுந்து அருமை. முடுக்குந்துதான் உறுத்துகிறது அண்ணா, எல்லாக் காரையும்தானே முடுக்குகிறோம்? அப்புறம், கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் அறுத்தெடுத்துக் கூரையை இறக்குகிறார்களே, அந்த 'சாப்' வேலைக்குக் 'கூரைவெட்டு' எனலாமா?

எல்லா உந்தும் உந்தத்தான் செய்கிறது தம்பி. பேருந்தில் 'பேர்' எதை அழுத்துகிறதோ அதைத்தான் பார்க்கிறோம். முடுக்குந்தை விட நான் தயாரில்லை.

'கூரைவெட்டு' என்றால் கூரையே இல்லாத திறந்த கார் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே கூரை இருக்கிறது, சன்னல்தான் கீற்றாகிவிட்டது. இதற்கு இலக்கணத்திலேயே சொல் கிடக்கிறது. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை, அதைத் தலைக்குறை என்றும் சொல்வோம். ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை. தலைப்பகுதியைக் குறைக்கும் இந்த வேலையைத் 'தலைக்குறை' என்றே சொல்லலாம். உடலின் நடுவே சுற்றிலும் ஒரு பட்டையை அறுத்தெடுத்து மேலையும் கீழையும் ஒட்டவைக்கும் 'செக்ஷன்' வேலை அச்சு அசலாக 'இடைக்குறை'. உடலை அடிச்சட்டத்தின் மேல் இறக்கி உட்காரவைக்கும் 'சேனல்' வேலையில் அப்படி உயரம் எதுவும் அறுபடுவதில்லை. அதனால் அது குறை அல்ல, 'உடலிறக்கம்' போதும்.

தலைக்குறையைப் படத்தில் காட்ட நேர்ப்பக்கவாட்டில், சன்னலின் மட்டத்தில் நில்லுங்கள். மேலிருந்து எடுத்தால் இறக்கிய கூரையும் சாதாரணக் கூரையாகத்தான் தெரியும்.

> அப்படியானால் ராட் ராட் (rat rod)? பெயின்டே அடிக்காமல் துருவோடு விடுகிறார்களே.

வேகத்துக்குச் செய்ததாகக் காட்டிக்கொள்வதால் முடுக்குந்தின் கிளைதான். 'துருமுடுக்கி' என்று எழுதிப் பார்த்தேன், கிண்டல் தொனி வருகிறது. ஆனால் ராட் ராட் என்ற பெயரும் கிண்டலில் பிறந்ததுதானே, இருக்கட்டும். அதைச் சாய்ந்த வெயிலில், பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுங்கள். துருவின் சொரசொரப்பு எழுந்து நிற்கும். போலரைசரைப் பையிலேயே வைத்துவிடலாம்.