சட்டைக் கையில் ஐந்து ஓட்டை: அரசுப் பள்ளி அடிதடியை யாரிடம் போய்ச் சொல்வது?

சுடர்அம்மா:
என் மகன் ஒன்பதாம் வகுப்பு, அரசு மேல்நிலைப் பள்ளி. தென் மாவட்டம், ஊர் பேர் வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை சட்டையைத் துவைக்க எடுத்தால் இடது கையில் வரிசையாக ஐந்து ஓட்டை, ஒவ்வொன்றையும் சுற்றி மிளகளவு ரத்தம் காய்ந்திருக்கிறது. கேட்டால் முள்வேலி கிழித்தது என்கிறான். வேலி இப்படி அளவெடுத்த மாதிரியா குத்தும்? ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான். காம்பஸ். பின் பெஞ்ச் பையன், பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விடவில்லை என்று. மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்தேன். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார் (குத்து வாங்கினவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?), கை குலுக்கச் சொன்னார், ஃபைலில் வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அதே பையன், கூட மூன்று பேர், இந்த முறை டிபன் பாக்ஸால் முதுகில். பள்ளியில் போய்ச் சொன்னால் "அது கேட்டுக்கு வெளியே நடந்ததும்மா" என்கிறார்கள். நான் என்ன செய்ய? டிசி வாங்கிவிடவா?

சாக்பீஸ்31:
31 வருடம் சர்வீஸ் போட்டு ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன் அம்மா. உங்கள் காலத்து அப்பா அம்மா எங்களிடம் வந்து "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்பார்கள். இன்றைக்கு ஒரு பையனைப் பார்த்து "எருமை" என்றால் போதும், சாயங்காலம் நாலு பேர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். பிரம்பைப் பிடுங்கினீர்கள், சரி. அதற்குப் பதில் கையில் என்ன கொடுத்தீர்கள்? 2012இல் சென்னையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அந்த அம்மா கம்பெடுத்து அடிக்கவில்லை, டைரியில் குறிப்பு எழுதி வீட்டுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். 2022இல் பள்ளி பெஞ்சைப் பையன்கள் உடைத்த வீடியோவும், ஆசிரியரை அடிக்கக் கை ஓங்கின வீடியோவும் ஊரெல்லாம் சுற்றியது. அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கடைசிபெஞ்ச்:
சார், நான் அந்த மாடுதான். புளிய விளாரில் அடி வாங்கியிருக்கிறேன், டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் விரல் மொளியில் வாங்கியிருக்கிறேன், வெயிலில் முட்டி போட்டு மணல் ஒட்டின முழங்காலோடு கணக்கு எழுதியிருக்கிறேன். படிந்தேனா? பத்தாவதில் நின்றேன், இப்போது லாரி ஓட்டுகிறேன், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். எங்கள் வகுப்பில் பிரசிடெண்ட் மகன் ஒருவன் இருந்தான், என்னைவிட நாலு மடங்கு சேட்டை. மூன்று வருடத்தில் அவன் மேல் ஒரு அடி விழுந்து நான் பார்த்ததில்லை. காலனிப் பையன்கள் நாங்கள் லேட்டாக வந்தால் நாலு அடி, அவன் வரவே இல்லை என்றால் "உடம்பு சரியில்லையா தம்பி?" யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பதைப் பிரம்புதான் எங்கள் வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தது. அதைப் பார்த்து வளர்ந்தவன் நாளைக்கு யார் மேல் கை வைப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் சார்.

டீக்கடைராஜா:
எதுக்கு இவ்வளவு பேச்சு. தனியார் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் அக்கா, கதை முடிந்தது.

கறுப்புக்கோட்டு:
முடியாது ராஜா. வாத்தியார் சொன்ன 2012 சம்பவம் தனியார் பள்ளியில் நடந்தது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் கூடப் படிக்கிறவனை வகுப்பிலேயே அரிவாளால் வெட்டினான், தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு. அதுவும் தனியார்தான். ஃபீஸ் கட்டினால் அரிவாள் வராது என்று யாரும் ரசீதில் எழுதித் தரமாட்டார்கள்.

பிரம்புக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் உடல் தண்டனையை ஒழிக்கும் வழிகாட்டுதல்களை அமல்படுத்தச் சொல்லி அரசுக்கு உத்தரவு போட்டது. ஆகவே அந்தப் பேச்சு முடிந்துபோனது, திரும்ப எடுப்பதில் பயனில்லை. போலீஸுக்குப் போகலாமா என்றால், பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் மேல் கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால்தான் எஃப்ஐஆர். மற்றதை ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதிக்கொள்வார்கள். சுடர்அம்மா, உங்கள் விஷயத்தில் முதல் வேலை டிசி வாங்குவது அல்ல, எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குவது. சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறீர்களா?

சாக்பீஸ்31:
இதோ, சட்டம் வந்துவிட்டது. வக்கீல் தம்பி, பிரிவு எண்ணை நீங்கள் நன்றாகச் சொல்கிறீர்கள், அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று பிரிவு 17 என்று சொன்னால் எவன் உட்காருவான்? 2022 மே மாதம் சட்டமன்றத்தில் கல்வி அமைச்சரே சொன்னார், ஆசிரியரிடம் அத்துமீறுகிறவனை நிரந்தரமாக நீக்குவோம், டிசியிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதுவோம் என்று. அதைச் செய்தாலாவது ஒரு பயம் இருக்கும்.

ஒன்பதுஆ_டீச்சர்:
நான் இப்போது சர்வீஸில் இருக்கிறேன், இந்த அம்மா பிள்ளை மாதிரியான வகுப்புதான் என்னுடையது, 58 பேர். சாக்பீஸ் சார், எனக்குப் பிரம்பு வேண்டாம். நான் அஞ்சடி, அவன்கள் ஆறடி, நான் கம்பெடுத்தால் சிரிப்பான்கள். ஆனால் வேறு எதுவும் என் கையில் இல்லை என்பதும் உண்மை. காலையில் முதல் வேலை எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் பதிவு) வருகைப்பதிவு, சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் நிற்பேன், அந்தப் பத்து நிமிடத்தில்தான் வகுப்பில் எல்லாம் நடக்கும். விளையாட்டு சொல்லித்தரும் பிஇடி சார் பணியிடம் காலி, வாட்ச்மேன் கிடையாது. போன மாதம் ஒருவன் பேசும்போது கீழுதடு உப்பலாக இருந்தது, துப்பச் சொன்னேன், புகையிலைப் பொட்டலம். பதினான்கு வயது. திட்டவில்லை, அப்பாவைக் கூட்டி வா என்றேன். அப்பா வந்தார், காலை பத்தே முக்காலுக்கே நல்ல போதை, கேட்டைப் பிடித்துக்கொண்டு என் பேரைச் சொல்லிக் கத்தினார். மறுநாள் அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். அவனை நான் எந்த டிசியில் எந்தக் காரணம் எழுதி அனுப்ப? அனுப்பினால் எங்கே போவான், பட்டறைக்கா?

இன்னொன்று, சுடர்அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு பத்துக்குப் பெல். அதன்பிறகு பஸ் ஸ்டாப்பில் நடப்பதற்கும் நாங்களே பொறுப்பு என்றால் எப்படி? எனக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறது.

சுடர்அம்மா:
கோபம் இல்லை டீச்சர். ஆனால் அந்தச் சண்டை உங்கள் கேட்டுக்குள் ஆரம்பித்தது, கேட்டுக்கு வெளியே போய் முடிந்தது. என் மகன் நடுவில் சட்டை மாற்றிக்கொள்ளவில்லை, அதே யூனிஃபார்மில்தான் அடி வாங்கினான். பெல் அடிப்பது நாலு பத்து, பஸ் வருவது நாலு நாற்பது. அந்த அரை மணி நேரம் என் பிள்ளை யாருடையவன்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வக்கீல் தம்பி, துவைத்துவிட்டேன்.

கறுப்புக்கோட்டு:
பரவாயில்லை அக்கா, ஓட்டை இருக்கும் இல்லையா, சட்டையை எடுத்து வையுங்கள்.

டீச்சர், நாங்குநேரி ஞாபகம் இருக்கிறதா? 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படித்த தலித் மாணவன், கூடப் படித்தவர்களின் சீண்டல் தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது சொன்னான். அன்று ராத்திரியே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கைக்கும் வெட்டு. நடந்தது வீட்டில். கேட்டுக்கு வெளியே என்று யாராவது சொல்ல முடியுமா? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப்போன பிளஸ் ஒன் மாணவனைப் பஸ்ஸில் வைத்து வெட்டினார்கள், விரல்கள் போயின. அதுவும் வெளியேதான். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது: சாதியைக் காட்டும் கலர் கைக்கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, 500 மாணவர்களுக்கு மேல் இருந்தால் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும். அந்த அலுவலர் இருந்தால் அந்த அரை மணி நேரத்தை அவரிடம் கேட்கலாம். உங்கள் பள்ளியில் இருக்கிறாரா டீச்சர்?

ஒன்பதுஆ_டீச்சர்:
பிஇடி சாரே இல்லை என்கிறேன்.

சாக்பீஸ்31:
கயிறு விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான், மறைக்கவில்லை. நான் இருந்தபோதே கத்தரியை மேஜையில் வைத்திருப்பேன், திங்கள்கிழமை ப்ரேயரில் வெட்டிப் போடுவேன், செவ்வாய்க்கிழமை புதுக் கயிறு கட்டிக்கொண்டு வருவான், கட்டிவிட்டது அவன் சித்தப்பா. 2019இல் இதற்காகச் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அமைச்சரே சொல்லிவிட்டார். மேலே இருப்பவர் பின்வாங்குவார், கத்தரி பிடித்த வாத்தியார் மட்டும் ஊர்க்காரனிடம் மாட்டிக்கொள்வான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வாத்தியாருக்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

கடைசிபெஞ்ச்:
சார், பிரசிடெண்ட் மகன் கயிற்றையும் வெட்டினீர்களா?

சாக்பீஸ்31:
வெட்டினேன். அதற்குத்தான் 1998இல் எனக்கு டிரான்ஸ்பர் வந்தது. எல்லா வாத்தியாரையும் உங்கள் வாத்தியார் மாதிரி நினைக்காதீர்கள் தம்பி.

கடைசிபெஞ்ச்:
சரி சார், நான் கேட்டது தப்புதான். ஆனால் பாருங்கள், நீங்கள் கத்தரி வைத்துச் செய்தது பெரிய வேலை, அதில் அடி எங்கேயும் இல்லையே.

சுடர்அம்மா:
நேற்று வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டமாம், எனக்கே போன வாரம்தான் தெரியும். போனால் ஏழு பேர், நானும் இன்னொரு அக்காவும் தவிர மற்றவர்கள் பேசவே இல்லை. கழிப்பறைத் தண்ணீர், காம்பவுண்ட் சுவர் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் எழுந்து பஸ் ஸ்டாப் விஷயத்தைச் சொன்னேன். பள்ளி வளாகத்துக்கு அப்பாற்பட்டது என்று எழுதிக் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார்கள். நான் கையெழுத்துக்கு மேலே என் கையாலேயே "4.10 முதல் 4.40 வரை யார் பொறுப்பு?" என்று எழுதினேன். மினிட்ஸ் நோட்டில் இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா என்றார் தலைமையாசிரியர். எழுதிவிட்டேன் சார் என்றேன். திங்கள்கிழமையில் இருந்து நானும் அந்த அக்காவும் மாறி மாறி ஸ்டாப்பில் நிற்கப்போகிறோம். எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை, எனக்குப் பீடிக்கட்டு கொடுக்கிற நேரமும் அதுதான்.

ஒன்பதுஆ_டீச்சர்:
புதன்கிழமை எனக்குக் கடைசிப் பீரியட் இல்லை. எங்கள் ஸ்டாப்பில் நானும் அன்றைக்கு நின்று பார்க்கிறேன். மற்ற நாள் கேட்காதீர்கள்.

சாக்பீஸ்31:
நோட்டில் எழுதினது சரி அம்மா, நல்ல வேலை. பிரம்பு விஷயத்தில் நான் மாறவில்லை.